சும்மா இருந்த அக்கா

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்குப் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் துணி துவைக்க எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறை உண்டு. அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். சுவரில் நிர்வாகம் ஒட்டியிருந்த அறிவிப்பில் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கால்புள்ளி இடம் மாறி விழுந்திருந்ததாம். திருத்திவிட்டு, ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்து, "இப்ப சரியா இருக்கு," என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று வெகுநாள் யோசித்தேன். என் கூடையில் மேலாகக் கிடந்த உள்பாவாடை நாடாவைப் பார்த்தாராம்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். நியூஜெர்சியில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் இரண்டாவது கேள்வி இது. முதல் கேள்வி எந்த ஊர் என்பது.

"நான் சும்மாதான் இருக்கேன்," என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பதினோரு வருஷம் ஆங்கிலம் நடத்தியவர் என்பது அப்புறம் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அவராகச் சொல்லவில்லை. என் ஆபீஸ் மெயில் ஒன்றை அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல நீ மன்னிப்பு கேக்கியா, சண்டை போடுதியா?" என்றார். எனக்கே தெரியாமல் இரண்டையும் செய்திருந்தேன். அப்புறம் தோண்டித் துருவிக் கேட்டதில் வெளியே வந்தது. மூன்றாம் ஆண்டு பெண்களுக்கு ஐரிஷ் நாடகம்தான் அவர் பாடம். அயர்லாந்தைக் கண்ணால் பார்க்காமலேயே முந்நூறு பெண்களுக்கு அந்த ஊரின் மழையையும் சேற்றையும் குடிகாரர்களையும் காட்டிவிட்டவர்.

எச்-ஃபோர் என்று ஒரு விசா இருக்கிறது. இங்கே வேலைக்கு வருகிறவரின் மனைவிக்கோ கணவனுக்கோ கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம், வேலைக்குப் போகிறவருக்குச் சமைத்துப் போடலாம். வேலை மட்டும் செய்யக்கூடாது. கணவருடைய கம்பெனி கிரீன் கார்டு வேலையைக் குறிப்பிட்ட கட்டம்வரை முடித்துவிட்டால் மனைவி வேலை பார்க்கவும் ஓர் அட்டை கிடைக்கும். அக்காவின் வீட்டுக்காரர் பார்சிப்பனியில் வேலை பார்த்தார். அவருடைய கம்பெனி அதை ஆரம்பிக்கவே இல்லை. அடுத்த காலாண்டில், அடுத்த காலாண்டில் என்று சொல்லிச் சொல்லியே நாலரை வருஷத்தைத் தள்ளிவிட்டார்கள். வேலை விசாவுக்கு ஆறு வருஷம்தான் கெடு, அது முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் நல்ல மனுஷர். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்து முதுகு போனவர். "இன்னும் கொஞ்ச நாள்," என்பார். எதற்கு இன்னும் கொஞ்ச நாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்கு டிரைவிங் லைசென்ஸும் விசாவோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது. விசா நீட்டிப்பு வரத் தாமதமானால் லைசென்ஸும் காலாவதி. எப்படியிருந்தாலும் வீட்டில் ஒரே கார், அது பார்சிப்பனிக்குப் போய்விடும். எங்கள் வளாகத்தின் வாசலிலிருந்து எங்கேயும் நடந்து போக முடியாது. நடைபாதை நூறு அடி போய் ஒரு புதரில் முடியும். அதற்கப்புறம் ரூட் ஒன் நெடுஞ்சாலை, ஆறு வரிசையில் லாரிகள். ஆகையால் அவர் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். காலையில் எட்டுச் சுற்று, மாலையில் எட்டுச் சுற்று. எந்த வீட்டுக் கார் எங்கே நிற்கும், யாருக்கு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இனி அந்தச் சும்மாவுக்கு வருகிறேன். அவர் வாயில் அது ஒரு சொல் இல்லை, ஒரு கதவு. எதை வேண்டுமானாலும் அதற்குப் பின்னால் வைத்துச் சாத்திவிடுவார். கதவைத் தட்டி "சும்மா வந்தேன்" என்றால் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்று அர்த்தம். "சும்மா கேட்டேன்" என்றால் அந்தக் கேள்வியை மூன்று நாளாக மனதில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். "ஐசலின் பக்கம் போறியா? சும்மாதான் கேக்கேன்" என்றால், இந்தியக் கடைகள் அங்கேதான், வீட்டில் புளி தீர்ந்து நாலு நாளாகிறது என்று அர்த்தம். தனக்கு இது வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். "என்ன வேணும்னு நேரா சொல்லுங்கக்கா," என்று ஒரு தடவை சிடுசிடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "கேட்டு இல்லைன்னு சொல்லிட்டா பிறகு உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கது?" என்றார்.

அந்தச் சொல்லை எங்கள் வளாகத்துத் தமிழர்கள் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு அவருக்கே திருப்பிக் கொடுத்தோம். நீங்க சும்மாதானே இருக்கீங்க, பார்சல் வந்தா வாங்கி வெச்சிடுங்க. நீங்க சும்மாதானே இருக்கீங்க, பிளம்பர் வருவான், கொஞ்சம் நின்னு பாத்துக்குங்க. அவருக்குக் குழந்தை இல்லை. அதனால் எல்லார் குழந்தையும் அவர் வீட்டில் கிடந்தது.

நானும் அதே ஆள்தான். என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். என் கணவருக்கு டெக்சாஸில் ப்ராஜெக்ட், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விமானத்தில் வருவார். என் ஆபீஸ் நாற்பது மைல் தள்ளி. என் விசாவும் ஒரு கம்பெனியின் கையில். வேலை போனால் அறுபது நாளில் இன்னொரு வேலை, இல்லாவிட்டால் ஊர். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளி பஸ் மூன்று இருபதுக்கு வளாக வாசலில் வந்து நிற்கும். பெரியவர் யாராவது நின்றால்தான் டிரைவர் குழந்தையை இறக்குவார். இல்லையென்றால் திரும்பப் பள்ளிக்கே கொண்டுபோய்விடுவார், பள்ளியிலிருந்து எனக்கு போன் வரும். பள்ளிக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் எங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் எங்கோ கீழே கிடந்தது.

அக்கா தினமும் மூன்று பதினைந்துக்கு வாசலில் நின்றார். மழையில், பனியில், குடையோடு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் தீபாவளிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். அதோடு சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் மகளை நூலகத்துக்குக் கூட்டிப்போவேன். அக்காவும் சும்மா வருவார். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் அங்கே அறிவிப்புப் பலகை முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பக்கத்து ஊரில் சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்கிற கடை ஒன்று உண்டு. முன்பு டயர் கிடங்காக இருந்த இடம். நூலகமும் அந்தக் கடையும் சேர்ந்து மார்ச் மாதத்தில் ஒரு விழா நடத்தப் போகிறார்கள். அயர்லாந்து எழுத்தும் உள்ளூர்ப் பீரும். ஐந்து விதமான பீர், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஓர் ஐரிஷ் எழுத்தாளரிடமிருந்து ஒரு பகுதியை ஒருவர் வாசிப்பார். கேட்டுக்கொண்டே ருசி பார்க்க வேண்டும். வாசிக்க ஆட்கள் தேவை என்று கீழே போட்டிருந்தது.

"என்னக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா பாத்தேன்."

அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அதே பலகை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும். மூன்றாவது வாரம் நான் அவர் கையைப் பிடித்து நூலகர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நூலகர் உயரமான மனிதர், அவருடைய தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவராம். அக்கா பேச ஆரம்பித்தார். நான் அவரோடு பழகிய இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. எந்த நாடகம், எந்தக் காட்சி, ஏன் அதைக் கறுப்புப் பீரோடு வைக்க வேண்டும், மற்றதோடு ஏன் வைக்கக்கூடாது என்றெல்லாம் அடுக்கினார். பீரை முகர்ந்துகூடப் பார்க்காதவர். நூலகர் தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். வாசிப்பவர்களுக்கு ஒரு சிறிய சன்மானம் உண்டு என்று கடைசியில் சொன்னார்.

அக்கா பதறிப்போனார். "நோ, நோ. ஐ வில் டூ இட் சிம்ப்ளி," என்றார்.

நம்மூர் ஆங்கிலம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். சும்மா என்பதற்கு நாம் சிம்ப்ளி என்போம். சும்மா வந்தேன், சிம்ப்ளி கேம். சும்மா செய்கிறேன், காசு வேண்டாம். அடுத்தவர் கால்புள்ளியைத் திருத்துகிற அக்காவுக்கு இந்த ஒரு சொல் மட்டும் கண்ணில் பட்டதே இல்லை. நூலகருக்கு அது எளிமையாக என்று காதில் விழுந்தது. "எளிமைதான் நமக்கு வேண்டும். கையில் பீர் இருக்கும்போது கடினமானது யாருக்கும் ஏறாது," என்று சந்தோஷப்பட்டார். விழா அழைப்பிதழில் அக்காவின் பெயருக்குக் கீழே, சிக்கலானதை எளிமையாகச் சொல்பவர் என்று அச்சடித்தும்விட்டார். சன்மானத்துக்கான படிவத்தையும் மெயிலில் அனுப்பிவிட்டார்.

படிவத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு உயிரே போய்விட்டது. இதில் கையெழுத்துப் போட்டால் வேலை பார்த்ததாக ஆகிவிடுமா, வீட்டுக்காரர் விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமா, விழாவே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று என்னிடம் வந்து நின்றார். நான் மறுநாள் ஆபீஸிலிருந்து நூலகருக்கு போன் செய்தேன். இவர் விசா இன்ன மாதிரி, காசு வாங்கக்கூடாது, தன்னார்வமாகத்தான் வருவார் என்று சொன்னேன். அவர் "ஓ" என்றார். மன்னிப்புக் கேட்டார். படிவத்தை ரத்து செய்தார். மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், விசாவைப் பற்றி ஒரு வெள்ளைக்காரருக்கு எடுத்துச் சொல்வது எனக்கு அப்படி ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா கல்லூரிக்குக் கட்டுகிற கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்தார். தோளில் பின், கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம். வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "பீர் கடைன்னு ஊர்ல அம்மாட்ட மட்டும் சொல்லிராத," என்றார். மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

டயர் கிடங்கில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகள், நீள மேசைகள், பச்சைச் சட்டைகள். ஆளுக்கு ஐந்து குட்டிக் கண்ணாடி டம்ளர். முதல் நாலு பேர் வாசித்தார்கள். நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் கூட்டம் பேசிக்கொண்டே இருந்தது, பின்னால் ஒரு மேசையில் பலமான சிரிப்பு. ஐந்தாவதாக அக்கா போய் மைக்கைப் பிடித்தார். கறுப்புப் பீர் எல்லார் மேசைக்கும் வந்துகொண்டிருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையையே பார்த்தார். பத்து விநாடி இருக்கும்.

"லாஸ்ட் பெஞ்ச்," என்றார். "டம்ளரைக் கீழே வையுங்கள்."

வைத்தார்கள். அந்தக் கடையில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் இருந்திருக்காது.

அவர் வாசிக்கவில்லை, பாடம் நடத்தினார். சந்தைக்குப் பன்றி விற்கப் போன புருஷனைப் பற்றி ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் புலம்புகிற காட்சி. இரண்டு குரலையும் அவரே பேசினார். நடுவில் நிறுத்தி, இவள் ஏன் பன்றியின் விலையையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள், புருஷனைப் பற்றி ஏன் கேட்கவில்லை, யாராவது சொல்லுங்கள் என்றார். ஒரு தாடிக்காரர் கை தூக்கினார். எழுந்து நின்று சொல்லச் சொன்னார் அக்கா. அவர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். "பக்கத்தில் வந்துவிட்டீர்கள், உட்காருங்கள்," என்றார் அக்கா. கடைசியில், "கேக்கப் பயப்படுறதைச் சுற்றித்தான் மனுஷங்க இவ்வளவு பேசறாங்க," என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒன்று சொல்லி, "கிளியர்?" என்றார். எண்பது பேர் ஒரே குரலில் "யெஸ் மேம்" என்றார்கள். இந்த மனுஷியையா நான் பஸ்ஸுக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. தோன்றியது உண்மை.

கைதட்டல் முடிந்து இறங்கி வந்தவர் கையில் யாரோ கறுப்புப் பீரைக் கொடுத்தார்கள். "டிகாக்ஷன் மாதிரி இருக்கே," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். இவ்வளவு பேர் பார்க்கும்போது மறுக்கவும் கூச்சம். எச்சில் படாமல் குடித்தே பழகியவர், தலையை அண்ணாந்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றினார். பாதி வாயில், மீதி நுரை முழுவதும் கன்னத்திலும் புடவையிலும். பக்கத்து மேசையிலிருந்த இரண்டு பேர் இதுதான் இந்தியாவில் ருசி பார்க்கிற முறைபோல என்று தாங்களும் அண்ணாந்து ஊற்றிச் சட்டையை நனைத்துக்கொண்டார்கள். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி. அரை மணி தூரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம் நடத்தினீர்கள், என்ன பட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பி.எச்.டி. முடித்திருக்கிறார் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ஐ ஆம் சிம்ப்ளி அட் ஹோம்," என்றார் அக்கா.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகான பதில். எனக்குப் பொறாமையாக இருக்கிறது," என்றார். எளிமையாக, நிம்மதியாக வீட்டில் இருப்பதாக அவருக்கு விளங்கியிருக்கிறது. "எங்கள் நாடகப் பேராசிரியர் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். செப்டம்பரிலிருந்து முழுநேர இடம் ஒன்று காலி. உங்களைக் கேட்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் இப்படி ஒரு வாழ்க்கையை விட்டுவிட்டு யார் வருவார்கள்?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

ஊரில் பெண்கள் சமையல் குறிப்பு பேசிக்கொள்வதுபோல நாங்கள் இங்கே விசா விதிகளைப் பேசிக்கொள்வோம். எனக்கு அந்த விதிகள் தலைகீழாகத் தெரியும். கம்பெனிகள் விசாவுக்கு விண்ணப்பித்தால் லாட்டரி, விழுந்தால்தான் உண்டு. ஆனால் கல்லூரிகளுக்கு லாட்டரி கிடையாது. முழுநேர வேலைக்கு ஒரு கல்லூரி கூப்பிட்டால், அவர்கள் விண்ணப்பித்தால், அக்காவுக்குச் சொந்தமாக ஒரு விசா கிடைக்கும். கணவரின் ஆறு வருஷம் முடிந்தாலும் அவர்கள் போக வேண்டியதில்லை. அவர் அக்காவின் விசாவில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டு வாக்கியம். அவர் வீட்டில் இருப்பது விருப்பத்தால் இல்லை மேடம், சட்டத்தால். நீங்கள் விண்ணப்பித்தால் செப்டம்பரில் வருவார்.

செப்டம்பர் என்றதும் எனக்கு வளாக வாசல் ஞாபகம் வந்தது. மூன்று இருபது பஸ். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போவாள், அப்போதும் பெரியவர் யாராவது நிற்க வேண்டும். யார் நிற்பார்கள்? நான் நின்றால் என் வேலை என்ன ஆகும்? இதெல்லாம் யோசித்து முடிவெடுக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மனதுக்குள் ஓடி முடிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். "டைம் ஆச்சுக்கா, பாப்பா காத்துட்டிருப்பா," என்றேன். தமிழில் சொன்னேன். அந்த அம்மாள் நாங்கள் ஏதோ குடும்ப விஷயம் பேசுகிறோம் என்று நினைத்து, கை குலுக்கிவிட்டு நகர்ந்துவிட்டார்.

காரில் வரும்போது அக்காவின் புடவையில் பீர் வாசனை அடித்தது.

"அந்தம்மா நல்லா பேசினாங்க என்ன?" என்றார்.

"ஆமாக்கா. ஆனா அதெல்லாம் நமக்கு எங்க? அப்ளை பண்ணாலும் லாட்டரி. லட்சக்கணக்குல போடறாங்க. ஆசைப்பட்டு மனசு உடையறதுதான் மிச்சம்."

"ஆமா, ஆமா," என்றார். "சும்மாதான் சொன்னேன்."

திங்கட்கிழமை மூன்று பதினைந்துக்கு வாசலில் நின்றார். செவ்வாய்க்கிழமையும். அந்த வருஷம் முடியும்வரை நின்றார், அடுத்த வருஷமும் நின்றார். நூலகர் மறுபடி கூப்பிட்டபோது, வரவில்லை என்று சொல்லிவிட்டார். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றுவது எட்டிலிருந்து பன்னிரண்டு சுற்றாயிற்று. என் மகள், "ஆன்ட்டி டாக்ஸ் டு ஹர்செல்ஃப், அம்மா," என்றாள். ஜன்னலைத் திறந்து கேட்டேன். பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நிறுத்தி, யாருக்கோ காத்திருந்து, உட்காரச் சொல்லிவிட்டு மேலே நடந்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். எத்தனையோ நாள் சொல்லிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே என்று திரும்பி வந்திருக்கிறேன். நாள் ஆக ஆக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டேதான் போனது.

அடுத்த வருஷம் ஜூலையில் அவர்களுடைய ஆறு வருஷம் முடிந்தது. நாற்காலி, மேசை, மிக்ஸி எல்லாவற்றையும் விற்றும் கொடுத்தும் தீர்த்தார்கள். புறப்படுகிற அன்று காலையில் அக்கா என் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உள்ளே வாங்கக்கா என்றேன். வரவில்லை, வாசலிலேயே நின்றார். வீட்டுக்காரர் கீழே பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "அன்னைக்குக் கார்ல வரும்போது லாட்டரின்னு சொன்னியே. காலேஜுக்கு லாட்டரி கிடையாதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன்க்கா நீங்க அந்தம்மாகிட்ட கேக்கல?"

"எனக்காக நானே கேக்க வாய் வரலை. என்னைக்கும் வந்ததில்ல, அது உனக்கே தெரியும். அதான் உன்னைப் பாத்தேன். நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அழுதால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் உள்ளே எங்கோ தெரிந்துதான் இருந்தது. அவர் என் முகத்தைத் துடைத்தார். அதே பழைய குரலில், ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார்.

"அழாத. உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? உன் இடத்துல நான் இருந்தாலும் பேசாமதான் நின்னுருப்பேன்."

கீழேயிருந்து டாக்ஸி ஹாரன் அடித்தது. அவர் படியிறங்கிப் போனார். அவரோடு பழகிய மூன்றரை வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் இடத்தில் அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.